அறுபத்தொன்றாவது பீடை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் லோரன்வில் ஊரில் தோல்வி என்ற சொல்லே யாருக்கும் நினைவில் இருக்காது. முப்பத்தொரு வருடமாகக் கோப்பையைத் தொட்டறியாத ஹாமர்ஸ் அணி, ஆகஸ்டில் மட்டும் ஒருவரிடமும் தோற்றதில்லை. கணக்கில் வரும் ஆட்டம் எதுவும் ஆகஸ்டில் கிடையாது என்பது ஒரு சின்னக் காரணம்.

இந்த வருடம் நம்பிக்கை மட்டும் போதாதென்று ஒரு மகானும் வந்து சேர்ந்தார். பயிற்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக் கூடாரம். வாசலில் ஒரு பதாகை: ‘பந்து பேசும். பிரதர் டாகெட் கேட்பார்.’ பல் வைத்தியரிடம் பத்து நிமிடம் காத்திருந்தால் சண்டைக்குப் போகிற ஜனங்கள், மஞ்சள் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக மூன்று மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றார்கள். உள்ளே போனவர்கள் கண் கலங்க வெளியே வந்தார்கள். வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்து, உள்ளே போகாமலே கண் கலங்கினார்கள்.

பிரதர் டாகெட்டின் வித்தை இதுதான். பயிற்சியில் பயன்பட்ட பந்து ஒன்றைக் கையில் வாங்குவார். கண்ணை மூடுவார். பந்தின் முதுகில் இருக்கும் எட்டுத் தையலையும் விரலால் தடவுவார். எந்தக் கை எறிந்தது, எந்தக் கை பிடித்தது, இந்த வருடம் என்ன ஆகும் என்று சொல்லிவிடுவார். கைரேகை பார்க்கிறவரிடம் கையாவது நம்முடையதாக இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குப் பெயர்தான் கால்பந்து. காலுக்கு ஓடுகிற வேலை, எப்போதாவது ஓர் உதை; மற்றதெல்லாம் கை. ஒருவன் எறிய வேண்டும், அவன் குவார்ட்டர்பேக். ஒருவன் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்; அவன் ரிசீவர். ஹாமர்ஸில் எறிகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பிடிக்கிறவர்கள் யாரும் இல்லை என்பது எதிரிகளின் அபிப்பிராயம். ஊர்க்காரர்களின் அபிப்பிராயமும் அதுவேதான், ஆனால் வெளியூர்க்காரன் சொன்னால் அடிப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை, நார்பர்ட் க்ருப்காவின் டிரக் பின்கதவைத் திறந்து போட்டு, அடுப்பில் சாஸேஜ் வாட்டிக்கொண்டு மூன்று பேர் அணியை நடத்திக்கொண்டிருந்தார்கள். நார்பர்ட் உருக்காலையில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஸ்டான் மிஹாலிக் முடிதிருத்துகிறவர். டுவெய்ன் ஹக்கின்ஸ் தபால் பட்டுவாடா செய்கிறவர். மூவரும் பந்தைக் கடைசியாக எறிந்தது பள்ளிக்கூடத்தில்.

“டெலானிய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருஷம்யா ஓட்டுறது?” என்றார் ஸ்டான். “அவனுக்கு முப்பத்தேழு. முழங்கால்ல ஏழு ஆணி.”

“ஆணி முழங்கால்லதானே? எறியறது கையாலதானே?” என்றார் டுவெய்ன்.

“நாலு தடியனுங்க தொரத்தும்போது கையாலயா ஓடுவான்? அந்தப் புதுப் பையன் ஸ்டோல்ட்ஸ எறக்கணும். என்னா வேகம்!”

“ஸ்டோல்ட்ஸ் எடதுகைக்காரன். அவன் எறிஞ்சா பந்து எதிர்ப்பக்கமா சுத்தும். நம்ம பிக்கெட்டுக்கு நேரா சுத்துற பந்தே கையில நிக்கல.”

“அதத்தான் நானும் சொல்றேன். தப்பாப் பிடிக்கறவனுக்குத் தப்பா சுத்துற பந்து. ரெண்டு தப்பும் சேந்தா சரியாயிடும்ல?”

இந்த வாதத்தின் ஆழத்தை அளக்க டுவெய்ன் இன்னொரு சாஸேஜை எடுத்துக்கொண்டார்.

“என்ன நார்ப், நீ வாயத் தொறக்கவே மாட்டேங்கற?” என்று டுவெய்ன் கேட்டார்.

நார்பர்ட் சாஸேஜைப் புரட்டினார். “இந்த வருஷம் ஸ்டேடியத்துக்கு வருவேனான்னு தெரியல. முதுகு வலி.”

“எனக்கும் சந்தேகம்தான்,” என்றார் ஸ்டான் அவசரமாக. “காதுல ஏதோ இரைச்சல்.”

“எனக்கு ஞாயித்துக்கெழம வேல இருக்கும்போல,” என்றார் டுவெய்ன். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாஸேஜைப் பார்த்தார்கள்.

நார்பர்ட்டின் முதுகுக்கு ஒன்றுமில்லை. முந்திய நாள் பிரதர் டாகெட் அவரைத் தனியாக அழைத்து, கூடாரத்தின் பின்பக்கத் திரைக்குள் உட்கார வைத்திருந்தார்.

“எந்த சீட்?”

“இருபத்து மூணாம் பகுதி, ஒம்பதாம் வரிசை. அஞ்சும் ஆறும். நான் அஞ்சு, என் மனைவி ஆறு.”

பிரதர் மூச்சை உள்ளே இழுத்தார். “ஆட்டத்து நடுவுல எப்பவாவது எந்திரிச்சுப் போனதுண்டா?”

“பாத்ரூமுக்குப் போவேன் பிரதர்.”

“அப்ப என்ன நடந்துச்சு? நல்லா யோசிச்சு சொல்லு.”

நார்பர்ட் யோசித்தார். போன வருடம் மட்டும் மூன்று தடவை, அவர் கழிவறையில் இருந்த நேரத்தில் ஹாமர்ஸ் புள்ளி எடுத்திருந்தது. வெளியே ஆரவாரம் கேட்டு, பேன்ட்டைச் சரியாக மாட்டாமலே ஓடி வந்தது ஞாபகம் வந்தது. இத்தனை வருடமாகப் பீரும் கையுமாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவன் எத்தனை தடவை எழுந்து போயிருப்பான், அதில் எத்தனை தடவை ஒன்றும் நடக்காமல் போயிருக்கும் என்று பிரதர் கேட்கவில்லை. நார்பர்ட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. ஓர் அணியின் தலைவிதி தன் சிறுநீர்ப்பையில் இருந்திருக்கிறது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

“பிக்கெட் கையில எண்ணெய் தடவுறது யாருன்னு நெனைக்கற?” பிரதரின் குரல் கனிந்தது. “உன் பார்வைதான் மகனே. ஊர்லயே நீ ஒருத்தன்தான். உன் சீட்ல பீடை இருக்கு.”

நார்பர்ட் அழுதார். உண்மையாகவே அழுதார், பாவம். முப்பத்தொரு வருடம் இந்த ஊர் பட்ட பாட்டுக்கெல்லாம் தான்தானா என்று நெஞ்சு வெடித்தது. அழுகைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளாதது. எழுபதாயிரம் பேர் உட்காருகிற இடத்தில் தன் ஒருவன் பார்வைக்கு இவ்வளவு சக்தியா என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பரிகாரம் சுலபம். சீட்டுகள் இரண்டையும் ‘இருக்கை மீட்புச் சங்கம்’ என்ற புண்ணிய அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் பிரார்த்தனை செய்து சுத்தப்படுத்துவார்கள். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமைக்குள் படிவம் கிளப் அலுவலகத்துக்குப் போக வேண்டும். முக்கியமான நிபந்தனை ஒன்று: யாரிடமும் சொல்லக் கூடாது, மனைவியிடம்கூட. சொன்னால் பரிகாரம் பலிக்காது.

வாயைத் திறந்தால் பலிக்காத பரிகாரங்கள் உலகத்தில் ஏன் இத்தனை இருக்கின்றன என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

இங்கே அந்த இரண்டு நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை வாங்கினால் வருடா வருடம் எல்லா ஆட்டத்துக்கும் அதே இடம், பரம்பரைச் சொத்து மாதிரி. ஸ்டேடியம் கட்டப்பட்ட வருடம், அவற்றை வாங்க நார்பர்ட்டின் மனைவி லொரெட்டாவின் அப்பா பனியில் இரண்டு நாள் வரிசையில் நின்றார். உயில் எழுதும்போது முதல் வரியில் சீட், இரண்டாம் வரியில்தான் வீடு. இன்றைக்குப் புதிதாகக் கேட்டால் காத்திருப்போர் பட்டியல் இருபத்து நான்கு வருடம். கொடுத்தால் கொடுத்ததுதான், நார்பர்ட் உயிரோடு இருக்கும்வரை திரும்பாது. அதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் லொரெட்டாவுக்கு ஒரு டிவி, நார்பர்ட்டுக்குக் கராஜில் ஒரு டிவி. வாரத்தில் ஒருநாள் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவதும், ஒரே போர்வைக்குள் குளிரில் நடுங்குவதும், ஒரே ஆளைத் திட்டுவதும் அந்த ஐந்திலும் ஆறிலும்தான். அதைத் தன் கையால் கொடுக்கப்போகிறோம் என்று நினைத்து நார்பர்ட் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. சீட் இருவர் பெயரிலும் இருந்ததால் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை காலை, முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த லொரெட்டாவின் முன்னால் நார்பர்ட் படிவத்தை வைத்தார். கையெழுத்துக் கோடு மட்டும் தெரியும்படி மடித்திருந்தார்.

“கூரைத் தண்ணிக் குழாய் சுத்தம் பண்றவன் குடுத்தான். இங்க ஒரு கையெழுத்துப் போடு.”

லொரெட்டா வாகனப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம், அடுத்தவர்கள் பூர்த்தி செய்த படிவங்களைப் படித்துத் திருப்பி அனுப்பியவர். அவர் படிக்காமல் கையெழுத்திட்டது கல்யாணப் பதிவேட்டில் மட்டும்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மடிப்பை விரித்தார்.

“நார்ப். குழாயப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே. எங்கப்பா சீட்ட எவனுக்கோ எழுதிக் குடுக்கறதா இருக்கு.”

“என்னால சொல்ல முடியாது லொரெட்டா. சொன்னா பலிக்காது.”

“சொல்லலன்னா கையெழுத்து கெடையாது.”

சொன்னால் பரிகாரம் போகும், சொல்லாவிட்டால் கையெழுத்து போகும். நார்பர்ட் மூன்று நிமிடம் தவித்துவிட்டுச் சொல்லிவிட்டார். மூத்திரம் முதல் பிக்கெட்டின் விரல் வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. கையெழுத்துக்காகச் சொன்னது சொன்னதில் சேராது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

“நான்தான் பீடை. உனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஒருத்தன்தான்னு சொன்னார். ஊர்லயே.”

லொரெட்டா சிரிக்கவில்லை. படிவத்தின் கீழ் மூலையைப் பார்த்தார். “இதென்ன இங்க பொடியா அறுபத்தொண்ணு?”

“படிவ நம்பர்.”

“நம்பர்னு தெரியுது. ஊர்லயே நீ ஒருத்தன்தான் பீடைன்னா, ஒண்ணுன்னுதானே போட்டிருக்கணும்?”

நார்பர்ட் யோசித்தார். “ஒண்ணே ஒண்ணுன்னா எந்த அச்சகத்துலயும் அடிச்சுத் தர மாட்டாங்க லொரெட்டா. கொறஞ்சது நூறாவது அடிக்கணும்.”

நம்புவது என்று தீர்மானித்துவிட்டவனுக்குப் பதில் கிடைப்பதில் எந்தக் காலத்திலும் சிரமம் இருந்ததில்லை.

“எங்கப்பா பனியில ரெண்டு நாள் நின்னாரு,” என்றார் லொரெட்டா. படிவத்தைப் பழையபடி மடித்தார். “உன் மூத்திரத்துக்காக அதத் தூக்கிக் குடுக்க முடியாது. சனிக்கெழம நானும் கூடாரத்துக்கு வரேன். அந்த ஆளுக்கு நெசமாவே ஏதாவது தெரியும்னா அங்கேயே கையெழுத்துப் போடறேன். சரியா?”

நார்பர்ட் சரி என்றார்.

புதன்கிழமை லொரெட்டா காரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தார். எங்கே என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நார்பர்ட் சமையலறைக்குள் நுழைந்தபோது, அவர் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு புதுக் கால்பந்தை வைத்து, ஷூ பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ற?”

“பந்து தேய்க்கறேன். புதுசு மினுமினுன்னு வழுக்குது. பயிற்சிப் பந்தெல்லாம் தேய்ச்சு மங்கலாத்தானே இருக்கும்?”

நார்பர்ட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று இரவு தூக்கமில்லை. அந்த மகான் இந்தப் பந்தைத் தொட்டதும், ‘இது யார் கையிலும் படாத பந்து’ என்று சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார். அவர் சொல்லிவிட்டால் லொரெட்டா கையெழுத்துப் போடுவார், சீட் போகும், ஊர் ஜெயிக்கும். சொல்லாவிட்டால் சீட் இருக்கும். எது நடக்க வேண்டும் என்று வேண்டுகிறோம் என்பதே கொஞ்ச நேரத்தில் அவருக்குக் குழம்பிவிட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூடாரத்தில் முன்னூறு மடக்கு நாற்காலிகளும் நிரம்பிவிட்டன. தொப்பி ஒன்று வரிசை வரிசையாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு போயிற்று. பிரதர் டாகெட் வெள்ளை உடையில் மேடை ஏறினார். இரண்டு பந்துகளைத் தடவி, ஒன்றில் டெலானியின் வலியையும் இன்னொன்றில் வரப்போகும் பதினான்கு வெற்றிகளையும் கண்டார். கைதட்டல் அடங்கியதும் லொரெட்டா எழுந்து தன் பந்தைக் கொடுத்தார்.

“இதையும் கொஞ்சம் படிங்க பிரதர்.”

பிரதர் கண்ணை மூடினார். தையலைத் தடவினார். நார்பர்ட் நாற்காலியின் ஓரத்துக்கு வந்துவிட்டார்.

“எடது கை,” என்றார் பிரதர். “ஸ்டோல்ட்ஸ். எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு, தையலுக்கு அது வலிக்குது. வியாழக்கெழமப் பயிற்சி. இன்னும் ஈரம் தெரியுது.”

“பிடிச்சது யாரு?”

“பிக்கெட். ரெண்டு வெரல் மட்டும் பட்டிருக்கு.” பிரதர் கண்ணைத் திறந்தார். “நழுவ விட்டுட்டான்.”

கூட்டம் முழுவதும் பெருமூச்சு விட்டது. பிக்கெட் விட்டான் என்று சொல்வதற்கு ஞானக்கண் எதுவும் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

“வியாழக்கெழம மத்தியானம் வரைக்கும் இது கடையில டப்பாவுக்குள்ள இருந்துச்சு,” என்றார் லொரெட்டா, கடை ரசீதைத் தூக்கிக் காட்டி. “சாயங்காலம் என் சமையலறைத் தொட்டியில இருந்துச்சு. ஈரம் நெசம்தான். அது கொழாத் தண்ணி.”

பிரதர் டாகெட் பந்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். பிறகு புன்னகைத்தார். நாற்பது ஊர் பார்த்த மனிதர் அவர்.

“அம்மா, பட்ட கையை மட்டுமா பந்து சொல்லும்? படப்போற கையையும் சொல்லும். இந்தப் பந்து ஸ்டோல்ட்ஸ் கைக்குப் போகப்போகுது!”

கூடாரம் கைதட்டலில் அதிர்ந்தது. நார்பர்ட்டும் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது தட்டுக்குக் கை எழவில்லை. வியாழக்கிழமை போன பிறகு அது எப்படி வரப்போகிற வியாழக்கிழமை ஆகும்? ‘அடுத்த வியாழக்கெழமயா இருக்கும்’ என்று பின்வரிசையில் ஒருவர் பிரதருக்கு உதவி செய்தார். ஆனால் தேய்க்கும்போது தொட்டியில் சொட்டிய தண்ணீரை நார்பர்ட் பார்த்திருந்தார். அந்த ஈரம் அடுத்த வாரத்துக்குரியது இல்லை.

லொரெட்டா உட்காரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. ‘ஊர்லயே நீ ஒருத்தன்தான் பீடை’ன்னு பிரதர் உங்கள்ல யாருக்காவது ரகசியமா சொல்லியிருந்தா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க.”

“சொன்னா பரிகாரம் போயிடும்!” என்று மேடையிலிருந்து பிரதர் கத்தினார்.

“வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்றார் லொரெட்டா. “நின்னாப் போதும். நிக்கக் கூடாதுன்னு நிபந்தனையில இல்ல.”

ஒருவரும் நிற்கவில்லை. முன்னூறு பேரும் தத்தம் ஷூவைப் பார்த்தார்கள். பிரதரின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

லொரெட்டா நார்பர்ட்டைப் பார்த்தார். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. நார்பர்ட் கணக்குப் போட்டார். நின்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், முப்பத்தொரு வருடத் தோல்விக்குக் காரணம் உருக்காலை நார்பர்ட் என்று. சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். நிற்காவிட்டால் மேடை மேல் நிற்பவர் ஜெயித்துவிடுவார், மாமனார் பனியில் நின்ற இரண்டு நாளும் போய்விடும். அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

“நீயா?” என்றார் பக்கத்தில் இருந்த ஸ்டான், வாயைப் பிளந்து. “எப்படி நீயா இருக்க முடியும்?”

“ஏன், எனக்கு என்ன கொறச்சல்?” என்றார் நார்பர்ட்.

“அது நானாச்சே!”

ஸ்டான் எழுந்து நின்றார். இரண்டு நாற்காலி தள்ளி டுவெய்ன் எழுந்தார். பிறகு மடக்கு நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தம் மட்டும்தான். முன்வரிசையில் நான்கு பேர், நடுவில் ஒரு வரிசை முழுக்க, கடைசியில் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழு மொத்தமும். எல்லோரும் திரும்பித் திரும்பி மற்றவர்களை எண்ணினார்கள். ஊரின் ஒரே பீடை அறுபதையும் தாண்டி எழுந்து நின்றது.

இந்த இடத்தில் ஜனங்கள் மேடைப் பக்கம் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. முதலில் அவர்களுக்குத் தங்களுக்குள் தீர்க்க வேண்டிய ஒரு பிரச்சினை இருந்தது.

“நீ எப்படிய்யா பீடை? வருஷத்துக்கு நாலு ஆட்டம்தானே வர்ற!” என்று ஸ்டான் டுவெய்னைப் பிடித்துக்கொண்டார்.

“நான் தும்மினப்ப நம்ம ஆள் ஒதைச்ச பந்து கோல் கம்பத்துல பட்டுத் திரும்புச்சு. அத பிரதரே ஒத்துக்கிட்டார். நீ என்ன பண்ணின? சொல்லு பாப்போம்.”

“நான் சாக்ஸ மாத்தினேன்! அன்னிக்கு நாப்பது புள்ளியில தோத்தோம்!”

ஏமாந்துபோனதுகூட அவர்களுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. தான் ஒருவன் மட்டும் இல்லை என்பதுதான் வலித்தது. நார்பர்ட்டுக்கும் கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர் மட்டும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், பிரதர் தன் பையின் வாயை மூடுவதைக் கவனித்தார்.

“லொரெட்டா, அந்த ஆள் கெளம்பறான்.”

லொரெட்டா தன் படிவத்தை உயர்த்தினார். குரலை உயர்த்தவில்லை. பதிவு அலுவலகத்தில் ‘அடுத்தவர்’ என்று அழைக்கிற அதே குரல். “இருக்கை மீட்புச் சங்கத்தோட விலாசம் இதுல போட்டிருக்கு. புதன்கெழம போய்ப் பாத்தேன். பக்கத்து ஊர்க் கடைத்தெரு. சங்கமும் இல்ல, பிரார்த்தனையும் இல்ல. டிக்கெட் வாங்கி விக்கிற கட. பலகையில டாகெட்னு போட்டிருக்கு. உள்ள இருந்த ஆளுக்கும் இதே மூக்கு. இருபத்து மூணாம் பகுதி, ஒம்பதாம் வரிசையில சீட் கெடைக்குமான்னு கேட்டேன்.”

சண்டை நின்றுவிட்டது.

“அஞ்சும் ஆறும் அடுத்த வாரம் வந்துடும்னார்.”

நார்பர்ட் மேடையை நோக்கி இரண்டு அடி வைத்தார். தன் அழுகையைப் பார்த்துக்கொண்டே இந்த மனிதன் தன் நாற்காலிக்கு ஆள் பிடித்திருக்கிறான். அழுததற்காக அவருக்கு இப்போதுதான் முதல்முறையாக வெட்கம் வந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

“பிரதர்,” என்றார், “அது எங்க சீட்டு.”

பிரதர் டாகெட், ‘ஒரே நிமிஷம்’ என்று விரலைக் காட்டிவிட்டு, பையோடு பின்பக்கத் திரைக்குள் போனார். அங்கிருந்து கார் நிறுத்துமிடத்து நடமாடும் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உருக்காலையில் வேலை பார்த்த மூன்று பேர் கதவில் சாய்ந்துகொண்டார்கள். ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ்காரர் வரும்வரை நாற்பது நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சாய்ந்திருந்தார்கள். ஒருவர் கழிவறைக்குப் போனதால் லோரன்வில்லுக்கு நன்மை நடந்தது என்றால், அது அன்றைக்குத்தான்.

பையில் கையெழுத்திட்ட படிவங்கள் இருந்தன. சிலருடையவை ஏற்கெனவே கிளப்புக்குப் போய்விட்டிருந்தன. அவற்றைத் திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம் என்று படிவத்தின் பின்பக்கத்தில் நான்காம் பத்தி சொன்னது. அதைப் படித்தவர் ஊரில் ஒருவர்தான். அன்று மத்தியானம் நார்பர்ட்டின் டிரக்கின் பின்கதவே அலுவலகம் ஆயிற்று. லொரெட்டா உட்கார்ந்தார். ஊர் வரிசையில் நின்றது. தேதி போடாதவர்களையும் கோட்டுக்கு வெளியே கையெழுத்துப் போட்டவர்களையும் வரிசையின் கடைசிக்குத் திருப்பி அனுப்பினார். நார்பர்ட் எல்லோருக்கும் சாஸேஜ் வாட்டிக் கொடுத்தார். ஸ்டான் இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டார்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். நார்பர்ட்டும் லொரெட்டாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெலானிக்கு முழங்கால் பிசகி, இரண்டாம் பாதியில் ஸ்டோல்ட்ஸ் இறங்கினான். அவனுடைய முதல் மூன்று பந்தையும் பிக்கெட் நழுவ விட்டான்.

“வயித்துக்கு நேரா வருதுடா, தடியா!” என்று நார்பர்ட் எழுந்து கத்தினார். “ரெண்டு கையையும் நீட்டுடா!”

பீடைப் பட்டம் போன பிறகு, தன் மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அடுத்தவனைத் திட்டுவது எவ்வளவு சுகம் என்று அவருக்குத் தெரிந்தது. லொரெட்டா அதைவிடச் சத்தமாகத் திட்டினார்.

நான்காவது பந்தைப் பிக்கெட் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டான். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஹாமர்ஸ் ஜெயித்தது. தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பகுதியிலிருந்து ஸ்டான் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது, கண்ணில் நீர்.

“பாத்தியா நார்ப்? பாத்தியா? இப்பப் புரியுதா? அந்த டாகெட்தான்யா பீடை! அவன வெரட்டினோம், ஜெயிச்சோம்!”

சுற்றிலும் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர், இனி வருடத்துக்கு ஒரு டாகெட்டைப் பிடித்து விரட்டினால் என்ன என்று யோசனை சொன்னார். அதற்கும் ஆதரவு இருந்தது.

நார்பர்ட் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். “ஸ்டான்,” என்றார் நிதானமாக, “முப்பத்தொரு வருஷம் தோத்தமே, அப்பல்லாம் அவன் இந்த ஊர்லயே இல்லையேப்பா.”

ஸ்டான் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். புருவத்தை நெரித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சு இவனுக்கு? உடம்பு சரியில்லையா?” என்று ஸ்டானின் பின்னாலேயே ஓடி வந்திருந்த டுவெய்ன் பதறினார்.

“ஒண்ணும் இல்ல,” என்றார் லொரெட்டா. “யோசிக்கறார். மொதல் தடவ கொஞ்சம் வலிக்கும். விடாமப் பண்ணச் சொல்லு, பழகிடும்.”